மோரோ சார், அந்த ரோட்டரி வீலைச் சுத்துமா சுத்தாதா?

மாஸ்டா கம்பெனி தலைவர் மசாஹிரோ மோரோ அவர்களுக்கு,

வணக்கம் சார். இந்த லெட்டர் ஹிரோஷிமா வரைக்கும் வந்து சேராதுன்னு நல்லாவே தெரியும், ஆனாலும் உங்க பழைய ரோட்டரி இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-7 திரும்ப வருது வருதுன்னு வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போன ஆளு நான், எங்கயாவது கொட்டித் தீர்க்கணும்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் உங்க கஸ்டமர் கிடையாது. நீங்க இந்தியால கார் விக்கிறதே இல்ல. எங்க ஊர்ல மாஸ்டான்னு சொன்னா ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும், ஸ்கூல் பசங்களை அடைச்சுக்கிட்டு டீசல் புகை விட்டுக்கிட்டே போகும். அதே பேர்ல ஜப்பான்ல ஒரு கம்பெனி பிஸ்டனே இல்லாம முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி இன்ஜினை வச்சு 1991ல லே மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சுதுன்னு முதல்ல படிச்சப்ப யாரோ கதை விடுறாங்கன்னுதான் நினைச்சேன். பச்சையும் ஆரஞ்சும் அடிச்ச 787பி, 55ஆம் நம்பர். கடைசி ஷிஃப்ட் ஓட்டிட்டு இறங்குன ஜானி ஹெர்பர்ட் உடம்புல தண்ணி வத்திப் போய் மயங்கி விழுந்து, ஜெயிச்ச மேடைக்கே ஏற முடியல. அந்த ரேஸ்ல இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது.

சரி விஷயத்துக்கு வர்றேன். 2023 அக்டோபர்ல டோக்கியோ ஷோல ஐகானிக் எஸ்பி-ன்னு ஒரு சிவப்பு காரைக் காட்டினீங்க. அழகுன்னா அப்படி ஒரு அழகு, அதுல மறுபேச்சே இல்ல. பவர் 370 பிஎஸ் (குதிரைசக்தி மாதிரி), 1450 கிலோ, முன்னாடி பின்னாடி எடை 50:50. அடுத்த ஜனவரி டோக்கியோ ஆட்டோ சலோன்ல நீங்களே மேடை ஏறி ரோட்டரிக்குன்னு தனி டீமை பிப்ரவரி 1ல இருந்து திரும்ப ஆரம்பிக்கிறோம்னு சொன்னீங்க, 36 பேர் இருக்காங்கன்னு செய்தி வந்துச்சு. அன்னைக்கு உலகம் பூரா ரோட்டரி ஆளுங்க தூங்கியிருக்க மாட்டாங்க. 1963ல உங்க இன்ஜினியர் கெனிச்சி யாமமோட்டோ 47 பேரை வச்சுக்கிட்டு இந்த இன்ஜினோட மல்லுக்கட்டின கதை எங்களுக்கெல்லாம் மனப்பாடம் சார். ரோட்டர் சுத்துற ஹவுசிங் உள்பக்கம் பூரா கீறல் கீறலா விழும், பேய் நகம்னு பேர் வச்சாங்க, கடைசில ரோட்டர் மூலைல காத்து கசியாம அடைக்கிற சீலை கார்பன்ல அலுமினியம் ஏத்தி செஞ்சு அதைச் சரி பண்ணி 1967ல காஸ்மோ ஸ்போர்ட்டை ரோட்டுல விட்டாங்க. அப்படிப்பட்ட இடத்துல திரும்ப ஒரு டீம்னா சும்மாவா.

ஆனா ஐகானிக் எஸ்பி-யை உள்ள போய் படிச்சுப் பார்த்தா, ரெண்டு ரோட்டர் இருக்கு, சந்தோஷம், ஆனா அது வீலைச் சுத்தாது. கரண்ட் தயாரிக்கும், அவ்ளோதான். வீலைச் சுத்துறது மோட்டார். இங்கதான் சார் எனக்கும் உங்களுக்கும் பஞ்சாயத்து. பெரிய நாதஸ்வர வித்வானை மரியாதையா கூட்டிட்டு வந்து மண்டபத்துக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பார்த்துக்கச் சொன்ன மாதிரி இருக்கு.

நீங்க ஏன் அப்படிப் பண்றீங்கன்னும் புரியாம இல்ல. ரோட்டரில எரியற இடம் நீளமா தட்டையா இருக்கும், சூடு சுவர் வழியா ஓடிரும், பெட்ரோல் முழுசா எரியாம கொஞ்சம் வெளிய போயிரும், போதாக்குறைக்கு சீலுக்கு வழவழப்பு வேணும்னு இன்ஜினே ஆயிலை உள்ள விட்டு எரிக்கும். உங்க கடைசி ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-8ஐ ஐரோப்பால 2010லயே நிறுத்த வேண்டி வந்தது இந்தப் புகைப் பிரச்சனைலதான், 2012ல மொத்தமாவே முடிஞ்சுது. ஜெனரேட்டரா வச்சா அதுக்குத் தோதான ஸ்பீடுல ஓடிட்டு இருக்கும், ட்ரைவர் மனசு போனபடி ஏறி இறங்க வேண்டாம், புகையையும் அடக்கிடலாம். எம்எக்ஸ்-30ங்கிற சின்ன எஸ்யூவில 830 சிசி ஒத்தை ரோட்டரை அப்படித்தான் வச்சீங்க, அந்தக் காருக்கு அது சரியான வேலை, சின்ன இடத்துல அடங்குது, அதிர்வும் கம்மி. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஆனா ஜெனரேட்டரா மட்டும் ஓடுற ரோட்டரியை வச்சுக்கிட்டு அதுக்கு ஆர்எக்ஸ்-7ன்னு பேர் வைக்க முடியாது சார். கடைசியா வந்த ஆர்எக்ஸ்-7, அதாவது எஃப்டி ஓட்டுறவன் எதுக்காக அதைக் கட்டிக்கிட்டு அழுறான்னு யோசிங்க. 13பி-ஆர்இடபிள்யூங்கிற இன்ஜின், 654 சிசி ரோட்டர் ரெண்டு, ரெண்டு டர்போ ஒண்ணு மாத்தி ஒண்ணு. முதல் டர்போ கீழ இருந்தே இழுக்கும், 4500 ஆர்பிஎம் பக்கம் வரும்போது ஒரு சின்ன தயக்கம், அப்புறம் ரெண்டாவது வந்து சேர்ந்துக்கும், நடுவுல பெருசா இருக்கிற மீட்டர்ல முள் 8000ஐப் பார்த்து ஓடும், பிஸ்டன் இன்ஜின்ல அந்த இடத்துல ஒரு நடுக்கம் வருமே அது இங்க வரவே வராது, அதனால போதும்னு இன்ஜின் சொல்லாது, ஒரு பஸ்ஸர்தான் பீப்னு கத்தி சொல்லணும். இதுல வேடிக்கை என்னன்னா ஷாஃப்ட் மூணு சுத்து சுத்தினாதான் ரோட்டர் ஒரு சுத்து, அப்ப மீட்டர் 8000 காட்டும்போது உள்ள ரோட்டர் 2700 கூட தாண்டியிருக்காது. இது எல்லாமே வலது காலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல நேரா நடக்குற விஷயம். நடுவுல பேட்டரியைக் கொண்டு வந்து வச்சா அந்தப் பேச்சுவார்த்தையே போச்சு.

அதோட கஷ்டத்தையும் சொல்லணும்ல. ரோட்டர் மூலைல இருக்கிற அபெக்ஸ் சீல் வெறும் 2 மில்லிமீட்டர் தடிமன், கிட்டத்தட்ட 80 மில்லிமீட்டர் நீளம், உள்ளங்கைல வச்சா ஒரு இரும்புக் குச்சி, அவ்ளோதான். பெட்ரோல் கலவை கொஞ்சம் காய்ஞ்சு ஒரு தடவை நாக்கிங் அடிச்சா, அதாவது பெட்ரோல் கண்ட நேரத்துல வெடிச்சா, உடையும், உடைஞ்ச துண்டு எக்ஸாஸ்ட் வழியா போற வழில டர்போவையும் சேர்த்து முடிச்சிட்டுப் போகும். பழைய எஃப்டி வாங்கப் போறவன் பெயிண்டைப் பார்க்க மாட்டான், பிளக்கைக் கழட்டிட்டு ஸ்டார்ட்டரைச் சுத்தவிட்டு ரோட்டரோட மூணு பக்கத்துக்கும் புஸ் புஸ் புஸ்னு மூணும் ஒரே அளவா வருதான்னு காது கொடுத்துக் கேப்பான், ஒண்ணு மெலிசா வந்தா கிளம்பிருவான். டர்போ மேல பின்னிக் கிடக்குற வேக்குவம் ஹோஸ்ல எது வெடிச்சிருக்குன்னு தேடுறதுக்கே ஞாயித்துக்கிழமை போயிரும். இவ்ளோ தொல்லை இருந்தும் 2002லயே நின்னு போன கார் இன்னும் ஓடுதுன்னா, அதுக்காகவே நீங்களும் எஃப்டி-க்கும் அதுக்கு முந்தின ஆர்எக்ஸ்-7 எஃப்சி-க்கும் பார்ட்ஸ் திரும்பச் செஞ்சு விக்கிறீங்கன்னா, ஜனங்க எதைப் பிடிச்சுத் தொங்குறாங்கன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா.

அடுத்தது எடை. எஃப்டி 1300 கிலோவுக்கு உள்ள, அதுக்குப் பக்கத்துல உங்க 1450 பரவால்ல, பேட்டரியோட அந்த எண்ணுன்னா உண்மையிலேயே பெரிய விஷயம், ஷோல காட்டுற கார் ஃபேக்டரி வாசல் தாண்டும்போது எவ்ளோ குண்டாகும்கிறதுதான் பயம். 2025ல விஷன் எக்ஸ்-கூப்பேன்னு இன்னொண்ணைக் காட்டினீங்க, ரெண்டு ரோட்டர், டர்போ வேற, 510 பிஎஸ், ஆனா நீளம் 5 மீட்டர். அது ராஜா வண்டி, ஆர்எக்ஸ்-7 ஆகாது. 510 யாரு கேட்டா? 300 போதும், 1250 கிலோல குடுங்க. முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, 2015ல உங்க சின்ன ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5ஐ புதுசா செஞ்சப்ப ஜப்பான்ல 1.5 லிட்டர் வண்டியை 990 கிலோல நிறுத்தினது உங்க ஆளுங்கதான், எல்லாக் காரும் ஊதிக்கிட்டே போற காலத்துல.

பேரை மட்டும் எடுத்துட்டு வந்தவங்க கதியையும் பார்த்திருப்பீங்க. மிட்சுபிஷி எக்லிப்ஸ் பேரை ஒரு எஸ்யூவி மேல ஒட்டுச்சு, ஃபோர்டு காப்ரி பேரை எலக்ட்ரிக் எஸ்யூவிக்கு வச்சுது, எவன் கொண்டாடினான்? டொயோட்டா சுப்ரா 2019ல வந்தப்ப பிஎம்டபிள்யூ இன்ஜின், பிஎம்டபிள்யூவோட இசட்4 காரோட சேர்த்து ஆஸ்திரியால தயாரிப்புன்னு திட்டாதவன் இல்ல. அந்தத் திட்டு எனக்கு உடன்பாடு இல்ல, ஓட்டறதுக்கு நல்ல கார், வரிசையா ஆறு சிலிண்டர் வச்ச ஸ்ட்ரெய்ட் சிக்ஸும் இருந்துச்சு, பின் வீலும் தள்ளுச்சு, மேனுவல் கியர் குடுக்கத்தான் மூணு வருஷம் இழுத்தாங்க. ஒழுங்கா செஞ்சது பிரெஞ்சு கம்பெனி ஆல்பைன் தான். 2017 ஏ110, இன்ஜின் நடுவுல, 1100 கிலோ சுத்துவட்டாரம், பழசு எதுக்காகப் பேர் வாங்குச்சோ அதையே புதுசும் பண்ணுச்சு. பவர் வெறும் 252, அதைப் பத்தி ஒருத்தன் குறை சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

எங்க ஆளுங்க பக்கம் இருக்கிற தப்பையும் மறைக்கல. கமெண்ட்ல மேனுவல் வேணும், ஹைப்ரிட் வேண்டாம், விலை எம்எக்ஸ்-5 மாதிரி இருக்கணும்னு கத்துறவன்ல பாதிப் பேர் வந்த உடனே வாங்க மாட்டான், பத்து வருஷம் கழிச்சு செகண்ட் ஹேண்ட்ல எவ்ளோன்னு கேப்பான். நீங்க வருஷத்துக்கு 12, 13 லட்சம் கார் விக்கிற கம்பெனி, டொயோட்டா மாதிரி காசை இறைக்க முடியாது, புகை சட்டம் வேற கழுத்தை நெரிக்குது. அதனால ஹைப்ரிட்டே கூடாதுன்னு நான் அடம் பிடிக்கல. சின்ன மோட்டார் ஒண்ணை கூட வச்சுக்கோங்க, கீழ ஆர்பிஎம்ல ரோட்டரிக்கு இழுவை கம்மிங்கிறது தெரிஞ்ச விஷயம்தானே, அங்க மோட்டார் தள்ளட்டும், புகையும் குறையும். மேல போகும்போது ரோட்டரி வீலைப் பிடிச்சு இழுக்கணும். அதுல இருந்து நேரா பின் ஆக்சிலுக்கு ஷாஃப்ட் போகணும். பானட்டுக்குள்ள இருந்து எழும்பி வர்ற பாப்-அப் லைட் வராட்டி போகுது. மேல தூக்குற கதவு சுத்தமா வேண்டாம், அந்தக் காசுக்கு சீல் நல்லதா போடுங்க.

அது முடியவே முடியாது, ஜெனரேட்டராதான் வைக்க முடியும்னு உங்க 36 பேரும் கைய விரிச்சா அதுவும் சரிதான். காரை விடுங்க, நல்லா இருந்தா நானே நாலு பேர்கிட்ட பெருமையா சொல்வேன். ஐகானிக் எஸ்பி-ங்கிற பேரே நல்லாத்தான இருக்கு, அதையே வச்சிருங்க, ஆர்எக்ஸ்-7 பேரை மட்டும் தொடாதீங்க.

அடுத்த தடவை மேடைல காரை மூடியிருக்கிற துணியை எடுக்கும்போது ஒரு சின்ன வேலை பண்ணுங்க சார். கலர், கதவு, சீட்டு துணி என்ன மெட்டீரியல் எல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். பானட்டைத் தூக்கி, ரோட்டர்ல இருந்து வர்ற ஷாஃப்ட் எங்க போய் முடியுதுன்னு கேமராவுக்குக் காட்டிருங்க.

இப்படிக்கு,
மாஸ்டா ஷோரூமே இல்லாத ஊர்ல இருந்து ஒரு ரோட்டரி பைத்தியம்