அடுத்த முகாமில் ஒரு பல் டாக்டர்: நகரத்தார் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் கண், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். வாயைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தாக்களும் ஐயாக்களும்தான் முகாமுக்கு அதிகம் வருகிறார்கள். சீப்புச் சீடையையும் தேன்குழலையும் எப்போதோ விட்டுவிட்டு, இட்லி, கஞ்சி, ரசம் சாதம் என்று ஓட்டுகிறவர்கள். வயதானால் பல் போகத்தானே செய்யும் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் இருந்தவர்கள் சுமார் 34,000 பேர். பற்களை அதிகம் இழந்தவர்களுக்கு நினைவாற்றல் மங்கும் அபாயம் 1.48 மடங்கு, மறதி நோய் அபாயம் 1.28 மடங்கு. ஆனால் பல்செட் போட்டிருந்தவர்களிடம் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அதற்காகப் பல் தேய்த்தால் மறதி வராது என்று நோட்டீஸ் அடித்துவிட வேண்டாம். ஈறு நோய்க் கிருமி ஒன்று, மறதி நோயில் ஒரு வகையான அல்சைமர் வந்தவர்களின் மூளையில் இருந்ததாக 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. அந்தக் கிருமியைக் குறிவைத்த மருந்தோ 2021-ல் முடிந்த சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மறதி தொடங்கியவர் பல் தேய்க்கவும் மறப்பார் என்பதால், எது முதலில் வந்தது என்பதிலும் குழப்பம் உண்டு. மெல்ல முடியாமல் சத்துக் குறைவது, பேசக் கூச்சப்பட்டு விசேஷங்களுக்கு வராமல் ஒதுங்குவது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. சரி, மூளையை விடுங்கள். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினம். அது ஒன்றே போதுமே, முகாமில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட!

பல் டாக்டர் வந்தால் ஈறோடு பல்செட்டையும் பார்க்கட்டும். கடித்துப் புண்ணாக்குகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். அப்புறம், வீட்டோடு இருந்து பெரியவர்களைக் கவனிக்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். பல்செட்டை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட வேண்டும்; கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வளைந்து வீணாகும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அறுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி செய்கிறவர்கள் தரும் நன்கொடையில் ஒரு பங்கை, வசதியில்லாதவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்க ஒதுக்கலாம். நம் புள்ளிகளுக்கு, அதாவது நகரத்தார் குடும்பங்களுக்கு, மட்டும் என்று வைக்காதீர்கள். நம் வீடுகளில் வேலை பார்த்தே கிழவிகளானவர்களும் அந்த வரிசையில் நிற்கட்டும்.