கான்கூனிலிருந்து ஒரே நாளில் போய் வர வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மெக்சிகோவின் மாயா இடிபாடுகள் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கான்கூன் என்ற கடற்கரை நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எழுதியிருப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாங்களும் முதலில் அப்படித்தான் போனோம், பட்டோம்.

கான்கூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். சுற்றுலா பஸ் இன்னும் நாலு விடுதிகளில் ஆள் ஏற்றி, வழியில் ஒரு கைவினைக் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தி, வாசலில் எங்களை இறக்கியபோது உச்சி வெயில். பெரிய பிரமிடைச் சுற்றி வெறும் புல்வெளி, நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. அத்தை புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் கடை போட்டிருந்த பையன் ஜாகுவார் போல உறுமும் ஒரு ஊதலை ஊத, பாவம், அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மனசு ஆறாமல் மிச்ச நாட்களுக்கு வயாதோலித் என்ற சின்ன ஊருக்கு மாறினோம். 1543-இல் ஸ்பானியர்கள் தொடங்கிய ஊர். சிச்சென் இட்சா அங்கிருந்து முக்கால் மணி நேரம்தான், ஷேர் வேன் ஓடுகிறது. காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது நின்றுவிட்டால் முதல் ஒரு மணி நேரம் இடமே வேறு. பெரிய பிரமிடின் படிக்கட்டுக்கு நேர் எதிரே நின்று கைதட்டிப் பாருங்கள், எதிரொலி பறவை கீச்சிடுவது போலத் திரும்பி வரும், கூட்டம் வந்தபின் இதெல்லாம் காதில் விழாது. பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கமும் சேர்த்து உச்சிப் படியோடு 365, ஆனால் ஏற விடமாட்டார்கள், அந்த ஆசையோடு போகாதீர்கள். டிக்கெட் இரண்டு, ஒன்று மாநில அரசுக்கு, இன்னொன்று மத்திய அரசுக்கு. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர்களில் நாங்களும் உண்டு.

கட்டுரையில் சொல்லாத இன்னொன்று, கடிகாரம். கான்கூன் இருக்கும் கிந்தானா ரோ மாநிலம், சிச்சென் இட்சா இருக்கும் யுகதான் மாநிலத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது ஒரு மணி நேரம் லாபம், சரி. திரும்பும்போது அது பறிபோகும், அன்று உங்களுக்கு விமானம் இருந்தால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டதில் விமான நிலையத்தில் நாங்கள் ஓடிய ஓட்டம் எங்களுக்குத்தான் தெரியும்.

நாலு நாள் இருந்தால் யுகதானின் தலைநகர் மெரிதாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோ என்ற மாயா நகரத்தின் மேலேயே 1542-இல் ஸ்பானியர்கள் எழுப்பிய ஊர் அது, பழைய கோயில்களின் கல்லை எடுத்துத்தான் கதீட்ரலைக் கட்டினார்கள். அதே சதுக்கத்தில், ஊரை எழுப்பிய மொந்தேகோ குடும்பத்தின் வீட்டு முகப்பில் ஸ்பானிய வீரர்கள் மனிதத் தலைகளை மிதித்துக்கொண்டு நிற்கும் சிற்பம் இருக்கிறது. கீழே இருக்கும் அந்த வாய்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அலறுவது போலத் திறந்திருக்கும். நான் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மாயாக்கள் ‘மறைந்துபோன இனம்’ என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததும் அப்போதுதான் உறுத்தியது. எங்கள் டாக்சிக்காரர் வழியெல்லாம் தன் அம்மாவோடு போனில் மாயா மொழியில்தான் பேசிக்கொண்டு வந்தார்.

மெரிதாவிலிருந்து உஷ்மல் என்ற இன்னொரு பழைய மாயா நகரம் ஒன்றரை மணி நேரம். என்னைக் கேட்டால் சிச்சென் இட்சாவைவிட அதுதான் அழகு, கூட்டமும் குறைவு. அங்கே கிணறுபோல் நீர் நிற்கும் செனோட்டே கிடையாது, மழைநீரைத் தரைக்கடியில் தொட்டி கட்டிச் சேமித்திருக்கிறார்கள். சுவரெல்லாம் வளைந்த மூக்கோடு மழைக்கடவுள் சாக்கின் முகம் ஏன் என்று அதைப் பார்த்ததும் புரிந்துவிடும். வேறு இடங்களில் செனோட்டேயில் குளிக்க ஆசைப்படுகிறவர்கள் உடம்பில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு போகாதீர்கள், கழுவிவிட்டுத்தான் இறங்க விடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பீன்ஸ்தானே என்று நம்பிவிட வேண்டாம், பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் தாளிக்கிறார்கள். ‘சின் மந்தேகா’ (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். சிகில் பாக் என்று பூசணி விதையை வறுத்துத் தக்காளியோடு அரைத்த ஒன்று கிடைக்கும், நம் துவையலேதான். அத்தை மூன்று வேளையும் அதையே தொட்டுக்கொண்டார்.

அப்புறம், விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு மெக்சிகோவுக்கென்று தனி விசா தேவைப்படவில்லை. இதெல்லாம் மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டாலஸ்