ஆலைச் சங்கு ஊதிய இடத்தில்

ஐயா,

பயன்பாடின்றிக் கிடக்கும் பழைய பஞ்சாலைக் கூடங்களை இடிக்காமல், நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் இருக்கை தரும் அலுவலகங்களாக மாற்ற வேண்டுகிறேன். தாமிரபரணி நீர்விசையை நம்பி, 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆலை தொடங்கினார்கள். ஆலையை ஒட்டிய விக்கிரமசிங்கபுரமே ஆலைச் சங்கொலியில்தான் கண்விழித்தது. என் தகப்பனார் நூற்புப் பகுதியில் உழைத்தவர். இரவு வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு படிந்திருக்கும்.

தடித்த சுவர், உயர்ந்த கூரை, நடுவே தடுப்பில்லாத நீண்ட கூடம்: மேசைகளை வேண்டியபடி நகர்த்திக்கொள்ள இதைவிடத் தோதான இடம் ஏது? சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம். ஒன்று மட்டும்: சங்கையும் புகைபோக்கியையும் அகற்றாதீர்கள். அதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908-இல் நடந்த, வ.உ.சி. துணைநின்ற வேலைநிறுத்தத்தை வாசல் சுவரில் எழுதிவையுங்கள்.

ஓர் ஆலைத் தொழிலாளியின் மகன்,
அம்பாசமுத்திரம்