தாய்க்குத் துணையாக ஒரு ஆளைத் தாருங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பாலியல் துஷ்பிரயோக முறைப்பாடு பதிந்த கையோடு, பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, தாயைத் தனியே பஸ் ஏற்றி அனுப்பும் வழக்கம் இந்த மாதமும் தொடர்ந்திருக்கிறது. எந்தப் பிள்ளை, எந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் இங்கே எழுதமாட்டோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். முறைப்பாடு வந்த நாளிலிருந்து மேல் நீதிமன்றத் தீர்ப்பு வரை, ஒவ்வொரு தாய்க்கும் ஒரே உத்தியோகத்தரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

பிள்ளை வாய் திறந்து சொன்னதும் தாய் செய்யும் முதல் வேலை அதைக் குளிப்பாட்டி, உடுப்பைத் தோய்த்துப் போடுவதுதான். வேறென்ன செய்வாள்? பிறகு "ஏன் கழுவினாய்?" என்று அவளையே அதட்டுகிறோம். சிறுவர் உதவி எண்ணான 1929க்கு அழைத்தபோதோ, பொலிஸ் வாசலில் நின்றபோதோ யாராவது சொல்லியிருக்க வேண்டும்: குளிப்பாட்டாதீர்கள். உடுப்பைத் தோய்க்காமல் காகிதப் பையில் போடுங்கள். சொப்பிங் பேக்கில் கட்டினால் ஈரம் அடைபட்டு, பூஞ்சணம் பிடித்து, தடயம் கெட்டுவிடும். குளிப்பாட்டியிருந்தாலும் பரவாயில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். வாகரையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து நிற்கும் தாயிடம் "திங்கட்கிழமை வாங்க" என்றால் அந்த நேரம் வீட்டிலேயே கரைந்துபோகும்.

அதற்குப் பிறகு, நடந்ததை எத்தனை பேரிடம் சொல்வது? பொலிஸ் மகளிர் பிரிவு, சட்ட வைத்திய அதிகாரி, நன்னடத்தை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்கிறார்கள், பல நேரம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

எங்களுக்கு ஆறாத விஷயம் வீடுதான். குற்றஞ்சாட்டப்பட்டவர் தகப்பனோ சிறிய தகப்பனோ என்றால், பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. அவர் பிணையில் வந்து அதே வீட்டில் சோறு தின்கிறார். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணின் சீதனம். தாயின் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியது பிள்ளையா? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அவர் அந்த வீட்டுக்குள் வராமல் தடுக்க நீதவானிடம் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு பாதுகாப்புக் கட்டளை 12 மாதம்வரை. பிள்ளைக்காகத் தாய் விண்ணப்பிக்கலாம்; பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தாய்க்கு இதைச் சொல்ல ஆளில்லை. "புருஷனா பிள்ளையா, முடிவெடு" என்று மட்டும் சொல்கிறார்கள். அடுப்பில் உலை வைக்க அவருடைய உழைப்பே வேண்டும் என்ற நிலையில் அவள் அன்றைக்கே எப்படி முடிவெடுப்பாள்? உலர் உணவுக்கும் வாழ்வாதாரத்துக்கும் வழி காட்டிவிட்டுக் கேளுங்கள்.

வெளிநாட்டுக்கு உழைக்கப் போன தாயென்றால் கேட்கவே வேண்டாம். குற்றவாளியை விட்டுவிட்டு ஊரே அவளைத்தான் குற்றம் சொல்கிறது. ஊர் பேசட்டும், ஐயா. அலுவலகக் கதிரையில் இருந்துகொண்டு நீங்களும் அதைப் பேசக்கூடாது.

வழக்கு வருடக்கணக்கில் இழுபடுகிறது. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது. நீதிமன்ற வளவில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆட்கள் இருக்கும் அதே வாங்கில்தான் தாயும் இருக்கிறாள். "சமாதானமாகப் போங்க" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் ஒரு உத்தியோகத்தர் இருந்தால் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்குவார்கள்.

மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். பிரிவுக்கு ஒருவராவது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாளை அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் மேசையில் வையுங்கள். அதே எண் பொலிஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒட்டப்பட வேண்டும். பணிவாகக் கேட்கிறோம், இன்னொரு கூட்டம் தள்ளிப்போக விடாதீர்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாய்மாரோடு வேலை செய்யும் பெண்கள்,
மட்டக்களப்பு