மகளிர் வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அக்கா, தங்கைகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, தேறிய புத்தகங்களுக்கு இந்த ஆண்டுதான் அட்டை போட முடிந்தது. சந்தா பெரும்பாலும் வசூலாகிவிட்டது. மே மாதக் கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மே 15 பெண்ணியச் சமூகவியலாளர் மரியா மீஸின் நினைவு நாள். ஜெர்மனியின் ஐஃபெல் பகுதியில், 1931இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் புனேயில் ஜெர்மன் கற்பித்தார். நம் நாட்டுச் சூழலியலாளர் வந்தனா சிவாவுடன் சேர்ந்து 1993இல் எழுதிய சூழலியல் பெண்ணிய நூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது. 2023இல், 92 வயதில் மறைந்தார்.

நம்மைப் பிடித்து உட்கார வைத்தது 1982இல் வந்த அவருடைய நர்சாபூர் ஆய்வுதான். ஆந்திராவின் மேற்கு கோதாவரியில் பெண்கள் வீட்டிலிருந்து பின்னிய லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. பொழுதெல்லாம் பின்னினாலும், வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்றே அதற்குப் பேர். அப்படிச் சொல்லித்தான் கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள் என்று மீஸ் காட்டினார். நம் இடையன்குடியிலும் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆனால் பேச்சு உடனே நாம் சுற்றுகிற பீடிக்குப் போய்விட்டது. மடியில் சுளகு, அடுப்பில் சோறு, சாயங்காலம் கடைக்குப் பீடிக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற அவசரம் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே! "வெளிய கேட்டா, வீட்ல சும்மாதான் இருக்கான்னு சொல்லுதாவ" என்றார் ஒரு அக்கா. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்று ஏற்கிற சட்டம் 1966இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும், ஒரு கடன் விண்ணப்பத்தில் அந்த அக்காவின் தொழிலை 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டார்களாம்.

மீஸ் தன் அம்மாவைப் பற்றி எழுதியதையும் வாசித்தோம். 1945இல் போர் முடிகிற நேரம், மகன்கள் போர்முனையில். எல்லாம் அழியப்போகிறது என்று ஊரே சொல்ல, அம்மா தன் பெண் பன்றியைச் சினைக்கு ஓட்டிப் போனார். போர் முடிந்ததும் காசுக்கு மதிப்பில்லை. அந்தக் குட்டிகளைக் கொடுத்துத்தான் திரும்பி வந்த மகன்களுக்குச் சட்டையும் செருப்பும் வாங்கினார். இதை வாசித்தபோது பெரியம்மாக்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிழைப்பைக் காப்பாற்றுகிற இந்த வேலையையும், அதைத் தாங்குகிற மண்ணையும் நீரையும் இலவசமென்று கணக்குப் போட்டே லாபம் பெருகுகிறது என்பது மீஸின் வாதம். நாம் சுற்றுகிற பீடி இலையும் ஒடிசா, சத்தீஸ்கர் காடுகளில் பழங்குடிப் பெண்கள் பறிப்பதுதான். அவர்கள் கூலியைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை.

வரும் ஆண்டில் அதற்கென்று ஒரு கூட்டம் வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் பெயர்ப் பிழை உள்ளவர்கள் ஆதார் நகலோடு வந்தால், மனு எழுதிக் கொடுக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்