தாமிரபரணியில் சேரும் தழைச்சத்து, மணிச்சத்தை அளந்து குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தாமிரபரணிப் பாசன விவசாயிகள், நீர்ப் பரிசோதனைப் பணியில் உள்ளோர்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

யூரியா, டிஏபி உரங்கள் நெல்லுக்குத் தருகிற அதே தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) கழிவுநீரோடு ஆற்றில் இறங்கி அமலைச்செடியை (ஆகாயத்தாமரை) வளர்க்கின்றன. செடியை இயந்திரம் வைத்து அள்ளினால் மட்டும் போதாது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், மீதியில்தான் சத்து. கரையிலேயே குவித்து அழுகவிட்டால் அடுத்த மழையில் அந்தச் சாறு ஆற்றுக்கே திரும்பிவிடும். அள்ளிய அன்றே கரையைத் தாண்டி உரக்கிடங்குக்கு ஏற்ற உத்தரவிட வேண்டும்.

எங்கள் பெரிய கவலை, சோதனைக்கு நீர் மாதிரி எடுக்கும் நேரம். இதே சத்தில் பெருகும் பாசி பகலில் பிராணவாயுவை வெளியிடும், இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும்; மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் அப்போதுதான். காலை 11 மணிக்கு எடுத்த மாதிரியில் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் இருக்கும், மீனுக்கு வேண்டிய 4-க்குக் கீழே அதிகாலையில் போனது அதில் தெரியாது. பிற்பகலிலோ பாசியால் நீரின் கார அமிலத்தன்மை (pH) 9-ஐ நெருங்கும்; நீரிலுள்ள அம்மோனியம் மீனைக் கொல்லும் அம்மோனியாவாக மாறும். ஆகவே அதிகாலை 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அளக்க வேண்டும்.

சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேல், குறுக்குத்துறை, சீவலப்பேரியில் சிற்றாறு கலப்பதற்கு மேல் என மூன்று இடங்கள் போதும். சிற்றாற்றுக்குக் கீழே எடுத்தால் இரண்டு ஆற்றுக் கணக்கும் குழம்பிவிடும். பிராணவாயு மாதிரியில் அளவு மாறிவிடாமலிருக்க மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். மணிச்சத்துக்கான பாட்டிலை சோப்புத்தூளால் கழுவக் கூடாது, தூளிலுள்ள பாஸ்பேட்டே முடிவைக் கெடுத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசினால் போதும். கூடவே நான்கு கூழாங்கற்களையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஓட்டத்தில் அடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள் ஒட்டியிருக்கும். சத்து மிஞ்சிய இடத்தில் கல்லை நூற்பாசி மூடியிருக்கும், சேற்றில் செம்புழுதான் மிஞ்சும்.

கழிவுநீர் சுத்திகரிப்புக்கான 2017 மத்திய அறிவிக்கை உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்), மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி ஆகியவற்றுக்கு வரம்பு வைத்தது. தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் வைக்கவில்லை. அதனால் நிலையம் 'தேறினாலும்' மணிச்சத்து ஆற்றுக்குள் போகலாம். நிலையத்தின் கடைசித் தொட்டிக்கு முன் படிகாரம் சேர்த்தால் மணிச்சத்து வண்டலோடு படியும். 1 மில்லிகிராம் மணிச்சத்துக்கு ஏட்டுக்கணக்கில் சுமார் 10 மில்லிகிராம் படிகாரம். நடைமுறையில் 15 முதல் 20 வரை ஆகும். குடுவைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்க்கும் குடுவைச் சோதனை செய்தே அளவை முடிவு செய்ய வேண்டும், படிகாரம் கூடினால் நீர் அமிலத்தன்மை அடையும். வண்டல் அதிகமாகும், அதற்கு உலர்களமும் வேண்டும்.

எங்கள் பக்கத் தவறும் உண்டு. மேலுரம் போட்ட மறுநாளே மடையைத் திறந்துவிடுகிறோம். ஐந்து நாளாவது அடைத்துவைக்க வேளாண்மைத் துறை வழியாக அறிவுறுத்துங்கள்.

வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் அளந்தால் எல்லாம் நீர்த்தே தெரியும். எனவே கார் சாகுபடிக்கு அணை திறக்கும் முன்பாக, மே மாதத்துக்குள் முதல் சுற்றை முடித்து, அளவுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிப் பாசன விவசாயிகள், நீர்ப் பரிசோதனைப் பணியினர்