முதலில் ஒரு பிடிதுணி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

தையல் மெஷின் வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால்தான் அம்மா வாங்கிப் பேசினாள். நீ பிறக்கும் முன்பிருந்தே நம் வீட்டில் மெஷின் ஓடுகிறது. ஒருநாளும் உன்னை அதில் உட்காரச் சொன்னதில்லை. படிக்கிற பிள்ளை, அதன் கையில் ஊசி எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது கர்நாடகத்தில், தார்வாடில் போய் நீயாகவே ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாய். மிச்சத்துணியில் என்னென்ன தைக்கலாம் என்று போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், எழுதியே அனுப்புகிறேன்.

பார்சலில் இரண்டு மூட்டை வரும். வெள்ளை நாடா கட்டியது முழுக்கப் பருத்தி: ரூபியா, பாப்ளின், லைனிங் வெட்டியதில் மிஞ்சியது. பச்சை நாடா கட்டியதில் பாலியஸ்டரும் கலப்பும் இருக்கின்றன. கொலுவுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்களே, யாரும் தைக்காமல் வீடு வீடாகச் சுற்றும் ரவிக்கைத் துணி, அதுவும் அதில்தான். இரண்டையும் கலக்காதே. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி கட்டும்.

முதலில் அடுப்படிக்கு ஒரு பிடிதுணி தை. போர்வை தைக்கத்தான் உனக்கு ஆசை, தெரியும். கொஞ்சம் பொறு. பிடிதுணி ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும், மறுநாள் காலையிலேயே பால் பாத்திரம் இறக்க உதவும். 8 இஞ்சு சதுரத்தில் பருத்தித் துணி இரண்டு, நடுவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு. பாலியஸ்டர் ஒரு துண்டுகூட வேண்டாம், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். நான்கையும் குண்டூசி குத்தி, மூலைக்கு மூலை இரண்டு தையல் போட்டுவிட்டு, ஓரத்தை, மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பட்டியால் மூடு. ஊசி 16ஆம் நம்பர் மாட்டு. மூலையில் துணி தடித்து மெஷின் திணறினால் மிதிக்காதே, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்ட வை.

அடுத்து ஒரு சுருக்குப்பை. 7க்கு 9 இஞ்சில் இரண்டு துண்டும் பாவாடை நாடாவும் போதும். உன் ஆத்தா இடுப்பில் செருகியிருந்த பை நினைவிருக்கிறதா? வெற்றிலையும் சில்லறையும் இருக்குமே, அது நான் தொழில் பழகும்போது கடைசிவரை தைத்து முடித்த முதல் பொருள். கோணல் இல்லாத தையல் அதில் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் ஆத்தா எல்லாரிடமும் காட்டும்.

நீ அனுப்பிய கவந்தி என்கிற ஒட்டுத்துணிப் போர்வையின் போட்டோவை நான்கு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். சித்தி இனத்துப் பெண்கள் தைப்பது என்று எழுதியிருந்தாய். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் காட்டோரமாக வாழ்கிறார்கள் என்றாய். பழஞ்சேலையை அடியில் விரித்து, மேலே கந்தல் துண்டுகளை வைத்து, ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மெஷின் கிடையாது, எல்லாம் கையால் ஓடும் நூலோட்டம். நான்கு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வேறு. அளவு எடுக்காமல் இவ்வளவு பெரிய வேலை எப்படி வருகிறது என்று எனக்கு வியப்புத் தீரவில்லை. எனக்கு அளவு இல்லாமல் கை ஓடாது. சின்ன வயதில் கும்பகோணத்தில் தொம்பை தைக்கிற இடத்தில் எடுபிடியாக இருந்தேன் அல்லவா? தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பையும் துண்டுத்துணி வேலைதான். ஆனால் தாமரையோ யாளியோ, முதலில் வரைந்து, வெட்டி, பிறகுதான் துணிமேல் வைத்துத் தைப்போம். தேர் திரும்பும்போது அது ஆடும் அழகைப் பார்க்கவே ஓடுவேன். நீ இரண்டு விதமும் பழகு. ஒரு விடுமுறையில் ஹலியாள் போய் யாராவது ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார். நான் எழுதுவதைவிட அது பெரிது.

என் முறையில் போர்வை என்றால் இப்படி. கல்யாணப் பத்திரிகை அட்டையில் நாலரை இஞ்சு சதுரம் வெட்டிக்கொள். அதை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும். நான்கு பக்கமும் கால் இஞ்சு தையலில் போனால் ஒவ்வொன்றும் 4 இஞ்சு நிற்கும். வரிசைக்கு 9, ஒன்பது வரிசை, ஆக 81 துண்டு. 36 இஞ்சில் குழந்தைப் போர்வை தயார். அவ்வளவு பொறுமை வராவிட்டால் 16 துண்டில் ஒரு குஷன் உறையோடு நிறுத்திக்கொள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போடு. அப்போதுதான் சந்திப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். பெட்டியை இழுக்காதே, தூக்கித் தூக்கி வை. அக்குள் பக்கமும் கழுத்திலும் வெட்டிய துண்டுகள் கிராஸில் இருக்கும், இழுத்தால் நீளும். அவற்றைச் சதுரத்துக்கு எடுக்காதே. பனியன் துணி கிடைத்தால் நாடாவாகக் கிழித்துப் பின்னி மிதியடி போடு.

எல்லாவற்றுக்கும் முன்னால் துணியை நனை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நீ வயிற்றில் இருக்கும்போது உனக்கென்று ஒரு போர்வை தைத்தேன். கடையில் வேலை நெரிசல், மெஷினில் உட்கார்ந்தால் இரவு பதினொன்று ஆகும். துணியை நனைத்துக் காயவைக்க நேரமில்லை என்று அப்படியே தைத்துவிட்டேன். முதல் தடவை துவைத்ததும் லைனிங் சுருங்கி முழுப் போர்வையும் கொசுவிக்கொண்டது, சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளையெல்லாம் இறங்கியது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு உன்னைப் படுக்க வைத்தாள். எனக்குத்தான் மனம் விட்டுப்போய்விட்டது. அதற்குப் பிறகு மிச்சத்துணி எல்லாவற்றையும் சனிக்கிழமை தோறும் எடைக்குப் போட்டேன். வாடிக்கையாளருக்குச் சேரவேண்டிய பிட்டுத் துணியை மட்டும் ரவிக்கையோடு மடித்துக் கொடுப்பேன், பிறகு பிரித்து விட அவர்களுக்குத் தேவைப்படும். மற்றது அத்தனையும் போயிற்று. ஒரே ஒரு போர்வை கெட்டதற்காக இத்தனை வருடத் துணியை விட்டுவிட்டேனே என்று உன் போன் வந்த அன்றைக்குத்தான் தோன்றியது. இந்த மூட்டை அதற்குப் பிறகு சேர்த்தது.

ஆகவே சிவப்பு, கருநீலம் இரண்டையும் தனித்தனியாக, தண்ணீர் தெளிகிறவரை அலசு. நிழலில் காயவிட்டு, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டு.

14ஆம் நம்பர் ஊசி பத்து, 16 ஐந்து, வெள்ளை நாடா மூட்டைக்குள் தீப்பெட்டியில் இருக்கின்றன. பிடிதுணி தைத்ததும் அனுப்பு, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. உன் பழைய போர்வையையும் சேர்த்து அனுப்பலாம் என்று கேட்டேன். அது வெளியே போகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இன்னும் பீரோவில் அவள் பட்டுப்புடவைக்கு அடியில்தான் விரித்திருக்கிறாள், பின்பக்கம் மேலாக.

அன்புடன்,
அப்பா